போருக்கு முன்பு திருத்தப்படும் சொற்கள்: மூன்று அங்கதப் படங்களில் எதைத் திரையிடலாம்?

எங்கள் ஊர் நூலகத்தின் மாடிக் கூடத்தில் மாதம் ஒரு படம் திரையிட்டு, முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைவது வழக்கம். இதழியல் படிக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று நாற்பது பேர் வரை வருவார்கள். அடுத்த திரையிடலுக்கு, ஓர் அரசு தன் மக்களை எவ்வாறு போருக்குச் சம்மதிக்க வைக்கிறது என்பதைப் பொருளாக எடுத்துக்கொண்டோம். ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964), பாரி லெவின்சனின் 'வேக் தி டாக்' (1997), அர்மாண்டோ இயனூச்சியின் 'இன் தி லூப்' (2009) ஆகிய மூன்று அங்கதப் படங்கள் முன்மொழியப்பட்டன. ஒன்றைத்தான் காட்ட முடியும் என்பதால், மூன்றையும் மறுபடி பார்த்துக் கருத்து எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் தேர்வு 'இன் தி லூப்'. அதற்கான காரணங்களையும், அந்தத் தேர்வில் உள்ள சிக்கல்களையும் கீழே எழுதுகிறேன்.

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தை முதலில் விலக்கிவிடலாம். மூன்றிலும் கலையளவில் உயர்ந்தது அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேடங்களில் நடித்திருப்பதும், அமெரிக்க அதிபர் சோவியத் பிரதமரைத் தொலைபேசியில் சமாதானப்படுத்தும் காட்சியும் எத்தனை முறை பார்த்தாலும் வியப்பளிப்பவை. ஆனால் அப்படத்தில் யாரும் யாரையும் போருக்கு இணங்க வைக்க முயல்வதில்லை. மனநிலை பிறழ்ந்த தளபதி ஒருவர் தாமாகவே தாக்குதலுக்கு உத்தரவிடுகிறார். அதற்குப் பிறகு தடுத்து நிறுத்த முடியாத ஒரு பொறியமைப்பு உலகத்தை விழுங்குகிறது. பொதுமக்கள் என்று ஒரு தரப்பே கதையில் இல்லை. செய்தியாளர் இல்லை, நாடாளுமன்றம் இல்லை. 1962-ஆம் ஆண்டின் கியூபா ஏவுகணை நெருக்கடியைக் கடந்து வந்த ஒரு தலைமுறையின் அச்சத்தை அறிய வேண்டுமானால் அதுவே சிறந்த படம். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

'வேக் தி டாக்' படத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் அமெரிக்க அதிபர் மீது பாலியல் குற்றச்சாட்டு எழுகிறது. மக்களின் கவனத்தைத் திருப்ப, கான்ராட் பிரீன் என்ற ஆலோசகர் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒருவரைப் பிடித்து, அல்பேனியாவுடன் இல்லாத ஒரு போரைத் தொலைக்காட்சியில் உருவாக்குகிறார். அல்பேனியாவைப் பற்றி அமெரிக்கர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதே அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம். ராபர்ட் டி நீரோவும் டஸ்டின் ஹாஃப்மனும் அலுவலக வேலை செய்வது போன்ற நிதானத்துடன் இதைச் செய்து முடிக்கிறார்கள். கதை ஒரே நேர்கோட்டில் செல்கிறது, உரையாடல்கள் தெளிவானவை, நூறு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். முன்னறிமுகம் ஏதும் இல்லாத பார்வையாளர்கூட முதல் பத்து நிமிடத்தில் கதைக்குள் வந்துவிடுவார்.

அதில் ஒரு காட்சியை மட்டும் மாணவர்களுக்கு எப்படியாவது காட்ட வேண்டும். படப்பிடிப்பு அரங்கில் ஓர் இளம் நடிகை சோள வறுவல் பொட்டலம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். பின்னணியில் ஒன்றுமில்லை. கணினியில் எரியும் கிராமத்தைச் சேர்க்கிறார்கள், பாலத்தைச் சேர்க்கிறார்கள், அபாயச் சங்கொலியைச் சேர்க்கிறார்கள். பொட்டலம் பூனைக்குட்டியாகிறது. அது வெள்ளைப் பூனைக்குட்டியாக இருக்க வேண்டும் என்று அதிபரே தொலைபேசியில் வற்புறுத்துகிறார். அன்றைக்கு அதைச் செய்ய ஒரு படப்பிடிப்பு நிலையமும் வல்லுநர்களும் தேவைப்பட்டார்கள். இன்றைக்குக் கைப்பேசி போதும். அந்த வகையில் படம் பழையதாகவில்லை, நம்மை நெருங்கி வந்திருக்கிறது.

படத்தின் மூலமான லாரி பைன்ஹார்ட்டின் நாவல், குவைத்தை ஆக்கிரமித்த ஈராக் மீது 1991-இல் அமெரிக்கா தலைமையில் நடந்த வளைகுடாப் போரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தப் போருக்கு முன்பு, 1990 அக்டோபர் 10 அன்று, நயீரா என்ற பெயரில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்பு தோன்றி, குவைத் மருத்துவமனையில் குறைப்பிரசவக் குழந்தைகளை ஈராக்கியப் படையினர் இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைக் கண்ணால் கண்டதாக அழுதபடி சொன்னாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அவளை முன்னிறுத்திய பரப்புரையை ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்தியது என்பதும் போர் முடிந்து 1992-இல்தான் வெளியே வந்தன. பூனைக்குட்டிக் காட்சியை மிகை என்று ஒதுக்குபவருக்கு இந்த வரலாறு போதுமான பதில்.

இவ்வளவு இருந்தும் இப்படத்தை முதலில் காட்டத் தயங்குகிறேன். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் படம் வெளிவந்த பிறகு நடந்தவை. 1997 டிசம்பரின் இறுதியில் படம் வெளியாயிற்று. 1998 ஜனவரியில் அதிபர் கிளின்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியில் இருந்த மோனிகா லெவின்ஸ்கிக்கும் இடையிலான பாலியல் உறவு விவகாரம் வெடித்தது. ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தாரெஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் மீது அல் காயிதா நடத்திய குண்டுவெடிப்பில் 224 பேர் இறந்தனர். ஆகஸ்ட் 17 அன்று கிளின்டன் லெவின்ஸ்கி விவகாரத்தில் சாட்சியம் அளித்தார். மூன்றே நாளில், ஆகஸ்ட் 20 அன்று, ஆப்கானிஸ்தான் மீதும் சூடான் மீதும் ஏவுகணைகள் வீசப்பட்டன. உடனே நாடெங்கும் இந்தப் படத்தின் பெயர் ஒரு குற்றச்சாட்டாக ஒலித்தது. பாதுகாப்புத் துறைச் செயலரிடமே செய்தியாளர்கள் படத்தைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. சூடான் தலைநகர் கார்ட்டூமில் அழிக்கப்பட்ட அல் ஷிஃபா மருந்து ஆலை இரசாயன ஆயுதத்தோடு தொடர்புடையது என்பதற்கான ஆதாரம் வலுவற்றதாகவே இருந்தது. ஆனால் அல் காயிதா தலைவர் ஒசாமா பின் லாடனின் அச்சுறுத்தல் படப்பிடிப்பு அரங்கில் உருவாக்கப்பட்டதன்று. 2004-இல் வெளியான செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் அறிக்கை, 1998 ஆகஸ்ட் 20 ஏவுகணைத் தாக்குதலின் தோல்வி, கட்சிப் பூசல், ஆலை பற்றிய ஐயம் ஆகியவற்றோடு இந்தப் படத்தின் பெயரால் எழுந்த பழிச்சொல்லையும் சேர்த்து, பின் லாடனுக்கு எதிரான பிற்கால முடிவுகளை இவையெல்லாம் கூட்டாகப் பாதித்திருக்கக்கூடும் என்று பதிவு செய்தது. ஓர் அங்கதப் படத்தின் தலைப்பு விசாரணை ஆணையத்தின் அறிக்கையில் இடம்பெறுவது அரிது. படம் மக்களுக்குக் கொடுத்தது ஒரு சந்தேகத்தை. அந்தச் சந்தேகத்தை எங்கே பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது என்று அது சொல்லித் தரவில்லை.

இதுதான் என் முதன்மையான மறுப்பு. எல்லாவற்றையும் அறிந்த இரண்டு மூன்று கெட்டிக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து முழுப் பொய்யை உருவாக்குகிறார்கள் என்ற சித்திரத்தோடு பார்வையாளர் வெளியே போனால், நாளை காலை வரும் செய்தி எதையும் நம்பக்கூடாது என்ற முடிவுக்கு வருவது எளிது. எதையும் நம்பாதவர் எதையும் சரிபார்ப்பதில்லை. மாணவர்களுக்கு நாம் தர விரும்புவது அந்த மனநிலையை அன்று.

இனி 'இன் தி லூப்'. 2005-இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரிலிருந்து இயனூச்சி வளர்த்தெடுத்த படம் இது. பிரிட்டனும் அமெரிக்காவும் மத்தியக் கிழக்கில் ஒரு போருக்கு ஆயத்தமாகின்றன. எந்த நாட்டின் மீது என்பது கடைசி வரை சொல்லப்படுவதில்லை. பிரதமரோ அதிபரோ ஒரு காட்சியில்கூட வருவதில்லை. நாம் பார்ப்பதெல்லாம் அவர்களுக்குக் கீழே இருப்பவர்களை: சர்வதேச வளர்ச்சித் துறை அமைச்சர் சைமன் ஃபாஸ்டர், அவருடைய உதவியாளர்கள், அமெரிக்க வெளியுறவுத் துறையின் இடைநிலை அதிகாரிகள், ஒரு படைத்தளபதி, இவர்கள் எல்லாரையும் வசைமொழியால் ஆட்டிவைக்கும் பிரதமரின் தகவல் தொடர்பு இயக்குநர் மால்கம் டக்கர். டக்கராக நடித்திருப்பவர் பீட்டர் கபால்டி.

கதை ஒரு சொல்லில் தொடங்குகிறது. வானொலி நேர்காணலில் அமைச்சர் வாய் தவறிப் போர் 'அன்ஃபோர்சீயபிள்' (unforeseeable) என்று சொல்லிவிடுகிறார். தமிழ் சப்டைட்டில் எழுத உட்கார்ந்தபோது இந்த ஒரு சொல்லில் அரை நாள் போயிற்று. 'போர் வரும் என்று நான் நினைக்கவில்லை' என்று எழுதினால் அது போருக்கு எதிரான தெளிவான நிலைப்பாடாகிவிடுகிறது. 'எதிர்பாராதது' என்றால் போர் ஏற்கெனவே நடந்துவிட்டது போன்ற தொனி வருகிறது. 'போரை எதிர்பார்ப்பதற்கில்லை' என்று எழுதிப் பார்த்தேன்; வராது என்றும் கொள்ளலாம், வருவதை முன்கூட்டி அறிய முடியாது என்றும் கொள்ளலாம். அந்த இடைவெளியில்தான் முழுப் படமும் நடக்கிறது. அமைச்சர் அப்படிச் சொன்னது காதில் விழுந்திருக்கலாம், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை, அதுவே உண்மை என்று டக்கர் அடித்துச் சொல்கிறார். சொன்னதைச் சரிக்கட்ட முயலும் அமைச்சரோ, அமைதிப் பாதையில் நடப்பதற்குச் சில வேளைகளில் மோதல் மலையிலும் ஏற ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கேமராக்களுக்கு முன்பு உளறுகிறார். முதல் சொல்லைப் போர் வேண்டாம் என்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது சொற்றொடரைப் போர் வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் அக்கறையில்லை, அவருக்கே தெளிவில்லை.

வாஷிங்டனில் போருக்குத் திட்டமிடும் குழு ஒன்று இயங்குகிறது. அதன் பெயரில் போர் என்ற சொல்லே இல்லை. 'எதிர்காலத் திட்டமிடல் குழு' என்று சாதுவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2002-இல் ஈராக் போருக்கு முன்பு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் உருவாக்கப்பட்ட ஒரு பிரிவின் பெயர் 'சிறப்புத் திட்டங்கள் அலுவலகம்' என்பதை அறிந்தவருக்கு இந்தக் காட்சி கற்பனையாகத் தோன்றாது. இன்னொரு காட்சியில், விருந்து நடக்கும் வீட்டில் ஒரு குழந்தையின் அறைக்குள் ஒதுங்கும் தளபதி மில்லர், பேசும் பொம்மைக் கால்குலேட்டரில் படைவீரர் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கிறார். கைவசம் இருப்பது பன்னிரண்டாயிரம் பேர். அது சாகப்போகிறவர்களின் எண்ணிக்கை, போர் முடியும்போது கொஞ்சம் பேராவது மிஞ்ச வேண்டும் என்கிறார். கால்குலேட்டர் குழந்தைக் குரலில் எண்களை உரக்க வாசிக்கிறது. 2003 பிப்ரவரி 25 அன்று அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி, போருக்குப் பின் ஈராக்கைக் காக்கப் பல இலட்சம் வீரர்கள் தேவைப்படுவார்கள் என்று செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் பால் உல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கு உண்மைக்கு வெகுதூரம் என்று தள்ளிவிட்டார். அதன்பின் ஈராக்கில் நடந்தவை எவருடைய கணக்கு சரி என்பதைக் காட்டின.

இப்படத்தை நான் தேர்ந்தெடுக்க முதல் காரணம் கூட்டக் குறிப்புப் பற்றிய ஒரு சிறு காட்சி. போருக்கு ஆதரவான அதிகாரி லிண்டன் பார்விக், தமக்கு ஒவ்வாத பகுதியைக் கூட்டக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்கிறார். குறிப்பு என்பது தற்செயலாகப் பேசப்பட்டவற்றின் பதிவாகச் சுருங்கிவிடக் கூடாது, பேச எண்ணியிருந்தவற்றின் முழுமையான பதிவாக இருக்க வேண்டும் என்பது அவர் தரும் விளக்கம். நான் பல ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவன். வரைவு மேலே போகும். இரண்டு நாளில் பச்சை மைத் திருத்தங்களோடு திரும்பி வரும். 'மறுப்புத் தெரிவித்தார்' என்று நான் எழுதியது 'கருத்துத் தெரிவித்தார்' என்று மாறியிருக்கும். ஒரே ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் ஓராண்டு கழித்துக் கோப்பைப் புரட்டுகிறவருக்கு அந்தக் கூட்டத்தில் மறுப்பே எழவில்லை. நான் பார்த்ததெல்லாம் கட்டட ஒப்பந்தமும் இடமாற்றமுமாகிய சின்ன விஷயங்கள். அதே மை போர் பற்றிய கோப்பிலும் ஓடும் என்று எண்ணியதில்லை. அன்று வாய் திறக்காமல் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தேன் என்பது இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

படத்தின் முடிவும் இதே செயலில்தான் நிகழ்கிறது. லைசா என்ற இளம் அதிகாரி போரின் சாதகங்களையும் பாதகங்களையும் நேர்மையாக எடைபோட்டு ஓர் ஆய்வறிக்கை எழுதியிருக்கிறாள். நியூயார்க்கில், ஐ.நா. வாக்கெடுப்புக்கு முன்பு உளவுத் தகவல் தேவைப்படுகிற நெருக்கடியில், டக்கர் அந்த அறிக்கையை எடுத்துப் பாதகங்களை நீக்குகிறார்; எஞ்சியது பிரிட்டிஷ் உளவுத் தகவல் ஆகிவிடுகிறது. புதிதாக ஒரு வாக்கியம்கூட எழுதப்படவில்லை, ஒரு படம்கூடப் போலியாக எடுக்கப்படவில்லை. நீக்கியதே போதுமானதாக இருக்கிறது.

வரலாற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. பிரிட்டிஷ் அரசு 2002 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட ஆவணம், ஈராக் சில பேரழிவு ஆயுதங்களை 45 நிமிடத்தில் ஏவ ஆயத்தமாக்க முடியும் என்றது. 2004-இல் அந்த உளவுத் தகவல்களைப் பட்லர் விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, உளவு மதிப்பீடுகளில் இருந்த எச்சரிக்கைக் குறிப்புகள் மக்களுக்கான ஆவணத்தில் விடுபட்டிருந்தது தெரிந்தது. 2003 பிப்ரவரியில் வந்த இரண்டாவது ஆவணம் இன்னும் மோசம். அதில் பெரும் பகுதி இப்ராஹிம் அல் மராஷி என்ற ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து, நிறுத்தக்குறிப் பிழையோடு சேர்த்து, சொல்லாமல் எடுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளென் ரங்வாலா இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து இதைக் கண்டுபிடித்தார். மூலத்தில் எதிரி நாடுகளிலுள்ள 'எதிர்ப்புக் குழுக்களுக்கு' உதவுவது என்று இருந்தது, அரசின் ஆவணத்தில் 'பயங்கரவாத அமைப்புகளை' ஆதரிப்பது என்று மாறியிருந்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் இந்த ஆவணத்தைப் பாராட்டிப் பேசினார். மார்ச் 18 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 412க்கு 149 என்ற வாக்குகளில் போருக்கு ஒப்புதல் தந்தது. ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை விசாரித்த, இருபத்தாறு இலட்சம் சொற்கள் கொண்ட சில்காட் அறிக்கை வெளிவந்தது 2016 ஜூலை 6 அன்று. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து.

ரங்வாலா செய்த வேலையை எங்கள் மாணவர்கள் எவரும் செய்யலாம். இரண்டு தாள்களும் பொறுமையும் போதும். 'இன் தி லூப்' பார்வையாளரை அந்த வேலைக்குத் தூண்டுகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டுகிறது: வரைவுக்கும் இறுதிப் பிரதிக்கும் இடையில், பேசியதற்கும் பதிவானதற்கும் இடையில். 'வேக் தி டாக்' தரும் பொதுவான அவநம்பிக்கையைவிட இது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 'வேக் தி டாக்' மனிதர்களுக்கு அச்சமில்லை. அவர்கள் திறமையில் திளைக்கிறார்கள். 'இன் தி லூப்' மனிதர்களை இயக்குவது பயமே. பதவி போய்விடுமோ, அடுத்த கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்களோ என்ற பயம். பதவி விலகுவேன் என்று நம்ப வைத்த தளபதி, போர் என்று வந்ததும் ஒரு படைவீரன் விலக முடியாது என்று கட்சி மாறுகிறார். போரை எதிர்த்துப் பதவி விலகலாமா என்று குழம்பிக்கொண்டிருக்கும் அமைச்சர் சைமன், தம் தொகுதி அலுவலகத்தின் சுற்றுச்சுவர் ஒரு மூதாட்டியின் தோட்டத்தில் சரியும் நிலையில் இருந்ததைக் கவனிக்காத குற்றத்துக்காக அதற்கு முன்பே நீக்கப்படுகிறார். டக்கரே வாஷிங்டனில் ஒரு சின்னப் பையனைப் போன்ற அதிகாரியிடம் அவமானப்படுகிறார். நல்லவர்கள் கொஞ்சம் தயங்கினால் போதும், போர் வந்துவிடும் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை. உண்மையில் பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் 2003 மார்ச் 17 அன்று, வாக்கெடுப்புக்கு முந்திய நாளே, அமைச்சரவையிலிருந்து விலகினார். சைமன் வகித்த அதே துறையின் அமைச்சர் கிளேர் ஷார்ட் போர் தொடங்கிய பிறகு, மே 12 அன்றுதான் விலகினார். படம் முடிந்ததும் இந்த இரண்டு தேதிகளையும் பலகையில் எழுதி வைக்கலாம்.

சிக்கல்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, வசை. டக்கர் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். அதை 'முட்டாள்', 'அயோக்கியன்' என்று தமிழாக்கினால் அவருடைய வன்மம் நீர்த்துப்போகிறது. தெருவில் புழங்கும் சொல்லையே போட்டால் கூடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மிரட்டலின் பொருளை மட்டும் சப்டைட்டிலில் தந்து, வசையின் வேகத்தை நடிகரின் குரலுக்கே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை அன்று அழைக்கக் கூடாது. அவர்களுக்காக ஒரு திரையிடல் என்றால் அப்போது 'வேக் தி டாக்' படமே ஓரளவு பொருத்தம். இரண்டாவது, வேகம். பேச்சு பெருக்கெடுத்து ஓடுகிறது, கதாபாத்திரங்கள் அதிகம், யார் எந்தத் துறை என்று பிடிபட அரை மணி நேரம் ஆகும். நுழைவாயிலில் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் இது தீரும். பெயர், பதவி, போரை ஆதரிப்பவரா எதிர்ப்பவரா என்று மூன்று பத்திகள் போதும். மூன்றாவது குறைக்கு என்னிடம் தீர்வு இல்லை. குண்டு விழப்போகும் நாட்டின் மனிதர் ஒருவர்கூடப் படத்தில் வருவதில்லை. இயனூச்சி அதை வேண்டுமென்றே செய்திருக்கிறார், அந்த அறைகளில் அவர்களை யாரும் நினைப்பதில்லை என்று காட்டுவதற்காக. ஆனாலும் படம் முடிந்ததும் அந்த இன்மை கூடத்தில் கனக்கும். ஈராக்கியர் எவராவது எழுதிய ஒரு கவிதையை மொழிபெயர்த்து வாசிக்கலாம் என்று தமிழாசிரியர் ஒருவர் சொன்னார். நான் அதற்கு உடன்படுகிறேன்.

திரையிடலுக்கு மறுநாள் மாலை மாணவர்கள் மட்டும் கூடட்டும். அல் மராஷியின் கட்டுரையிலிருந்து ஒரு பக்கத்தையும் பிரிட்டிஷ் ஆவணத்தின் அதே பக்கத்தையும் தமிழாக்கி, எது எதுவென்று குறிப்பிடாமல் ஆளுக்கு ஒரு படி கொடுப்போம். மாறியிருக்கும் சொற்களை அவர்களே அடிக்கோடிடட்டும். மொழிபெயர்ப்பில் பாதி முடிந்திருக்கிறது. மீதிக்கு இரண்டு பேர் உதவிக்கு வந்தால் இந்த மாதக் கடைசிக்குள் முடித்துவிடலாம்.